பத்து ரூபாய்: நோட்டா, காசா, இரண்டுமா?

சென்னையில் இரண்டு பேர் தேநீர் குடித்துவிட்டு நூறு ரூபாயை நீட்டினோம். மீதியாக ஏழு பத்து ரூபாய்க் காசுகள் வந்தன. நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்து திருவண்ணாமலைப் பக்கம் மைத்துனரின் ஊரில் இறங்கியபோது அந்த எழுபது ரூபாய் செல்லாக்காசாகிவிட்டது. பூ விற்கும் அம்மா கையை இழுத்துக்கொண்டார். பெட்டிக்கடைக்காரர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நோட்டு இருந்தால் கொடுங்கள் என்றார். அதே அரசு, அதே சட்டம், அதே நாலு சிங்கம்; நடுவில் இருநூறு கிலோமீட்டர்தான்.

இதைப் பற்றி எழுதினாலே வாசகர்கள் ஆளுக்கொரு தீர்வோடு வந்துவிடுகிறார்கள். பத்து ரூபாய் நோட்டை நிறுத்திவிட்டால் காசு தானாக ஓடும் என்கிறார் ஒருவர். காசே வேண்டாம், பிளாஸ்டிக் நோட்டு அடிக்கலாம் என்கிறார் இன்னொருவர். ஒரு ரூபாயையும் இரண்டு ரூபாயையும் ஒழித்துவிட்டு ஐந்திலிருந்து எண்ணத் தொடங்கலாம் என்போரும், நூறு ரூபாயை ஒரு ரூபாயாக்கிப் பூஜ்யங்களை வெட்டலாம் என்போரும் உண்டு. எது சரி என்று குழம்புகிறவர்களுக்காக இவற்றை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்க்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

எல்லோரும் முதலில் கேட்பது செலவு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே 2018இல் வெளியான கணக்குப்படி, மும்பை நாணயச்சாலையில் ஒரு ரூபாய்க் காசு அடிக்க 1 ரூபாய் 11 பைசா ஆனது. இரண்டு ரூபாய்க்கு 1.28, ஐந்துக்கு 3.69, பத்துக்கு 5.54 ரூபாய். பத்து ரூபாய் நோட்டு ஒன்றை அச்சிட 2021-22இல் 96 பைசாதான். நோட்டுதான் மலிவு என்று அவசரப்பட்டுவிட வேண்டாம். சந்தையில் புழங்கும் பத்து ரூபாய் நோட்டு ஓராண்டு தாங்கினால் பெரிது. காசு இருபது ஆண்டு கிடக்கும். ஆண்டுக்கொரு நோட்டு என்று வைத்தால் இருபது ஆண்டில் 19 ரூபாய் போய்விடும். காசுக்கு ஒரே முறை ஐந்தரை ரூபாய்.

அடுத்தது, கையில் எப்படி இருக்கிறது என்பது: எடை, மடிப்பு, இருட்டிலும் தடவி அறியும் வசதி. மூன்றாவது, மதிப்புகளுக்கு இடையே உள்ள படிக்கட்டு. 2017 ஆகஸ்டில் 200 ரூபாய் நோட்டு வந்தபோது ரிசர்வ் வங்கி இதைத்தான் காரணம் காட்டியது. ஒரு மதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மடங்கோ இரண்டரை மடங்கோ இருந்தால் குறைந்த தாள்களில் சரியாகச் சில்லறை கொடுத்துவிடலாம். சார்லஸ் ரெனார் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பொறியாளரின் பெயரில் வழங்கும் வரிசை அது. 10, 20, 50, 100 என்று ஏறிவந்த படிக்கட்டில் 100க்கும் 500க்கும் நடுவே ஒரு படி இல்லாமல் இருந்தது. இந்தக் கணக்கை மதிக்காமல் 1987இல் பர்மாவில் 45, 90 கியாட் நோட்டுகளை வெளியிட்டார்கள். 90ஐக் கொடுத்து 20க்குப் பொருள் வாங்கியவருக்கு மீதி கொடுத்த கடைக்காரரை நினைத்தால் இன்றும் பாவமாக இருக்கிறது.

நான்காவதை யாரும் கேட்பதில்லை. வங்கியிலிருந்து வெளியே வந்த காசுக்கு வங்கிக்குத் திரும்பிப் போகும் வழி இருக்கிறதா? என் தராசில் இதற்குத்தான் கனம் அதிகம்.

## நோட்டாகவே விட்டுவைப்பது

சுருக்குப்பையிலும் முந்தானை முடிச்சிலும் நோட்டு அடங்கும். நூறு நோட்டை ஒரு ரப்பர் வளையத்தில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். அதே ஆயிரம் ரூபாயைப் பத்து ரூபாய்க் காசாக எடுத்துப்போனால் முக்கால் கிலோவுக்கு மேல். நாள் முழுவதும் நின்றுகொண்டே டிக்கெட் கிழிக்கும் நடத்துநருக்கும் தலையில் கூடை சுமக்கும் கீரைக்கார அம்மாவுக்கும் இந்த வித்தியாசம் பெரிது.

இதன் மறைமுகச் செலவு அழுக்கு. மீன் சந்தையில் நாலு கை மாறிய பத்து ரூபாய் நோட்டைத் தொட்டவருக்கு விளக்க வேண்டியதில்லை. நைந்த நோட்டை வங்கி பிரித்தெடுக்க வேண்டும், திருப்பி அனுப்ப வேண்டும், அழிக்க வேண்டும், அதற்குப் பதில் புதிது அச்சிட வேண்டும். 96 பைசாக் கணக்கில் இந்த வேலைகள் எதுவும் சேரவில்லை. இன்னொன்று: நோட்டு கிழிந்தால் நஷ்டம் யார் தலையில்? கடைசியாக வாங்கியவர் தலையில். டேப் ஒட்டி மடித்துக் கட்டின் நடுவே செருகித் தள்ளிவிடும் திறமை எல்லோருக்கும் வருவதில்லை.

ஆனாலும் மைத்துனரின் ஊரைப் போல வங்கிக் கிளை தொலைவிலும் சந்தை பக்கத்திலும் இருக்கும் இடங்களில் இன்றைய நிலையில் நோட்டே மேல். அது காசைவிட நல்லது என்பதால் அல்ல. யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

## நோட்டை நிறுத்திவிட்டுக் காசு மட்டும்

பணக்கார நாடுகளில் இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. பிரிட்டன் 1983இல் ஒரு பவுண்டு காசைக் கொண்டுவந்து 1988இல் நோட்டைத் திரும்பப் பெற்றது. கனடா 1987இல் ஒரு டாலர் காசை விட்டு 1989இல் நோட்டு வெளியிடுவதை நிறுத்தியது. இரண்டு இடத்திலும் முணுமுணுப்பு எழுந்து அடங்கிவிட்டது. அமெரிக்கா 1979இலும் 2000இலும் டாலர் காசு அடித்தது, நோட்டை மட்டும் நிறுத்தவில்லை. மக்கள் நோட்டையே கேட்டார்கள். 2011 வாக்கில் நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள காசுகள் கேட்பாரற்றுப் பெட்டகங்களில் குவிந்து கிடந்தன. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் நோட்டு ஜெயிக்கும். இந்தியா பத்து ரூபாயில் செய்துகொண்டிருப்பது அமெரிக்கா செய்ததைத்தான்.

நம் ஊரில் காசு தோற்றதற்கு எல்லோரும் வதந்தியைச் சொல்வார்கள். பத்துக் கோடு போட்ட காசு நல்லது, பதினைந்து கோடு போட்டது போலி. ரூபாய்ச் சின்னம் இல்லாதது செல்லாது என்றெல்லாம் பேச்சு. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, பத்து ரூபாய்க் காசு பதினான்கு வடிவங்களில் வந்திருக்கிறது, பதினான்கும் செல்லும் என்று அறிவித்தது. சந்தேகம் உள்ளவர்களுக்காக 14440 என்ற தொலைபேசி எண்ணும் தந்தது. ஒரே மதிப்புக்குப் பதினான்கு முகம் கொடுத்துவிட்டு, பொதுமக்கள் ஏன் சந்தேகப்படுகிறார்கள் என்று கேட்பதும் ஒரு வேடிக்கைதான். போதாக்குறைக்கு, 2020இல் வந்த இருபது ரூபாய்க் காசும் 27 மில்லிமீட்டர், பத்து ரூபாய்க் காசும் 27 மில்லிமீட்டர். இருபதுக்குப் பன்னிரண்டு பக்கம் உண்டு என்பதைத் தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் மைத்துனரின் கடையில் நடந்தது வதந்தியால் அல்ல. அவர் சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் கல்லாவில் சேர்ந்த முந்நூறு பத்து ரூபாய்க் காசுகளை மஞ்சள் பையில் போட்டுக் கட்டி, கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளைக்குக் கொண்டுபோனார். மூவாயிரம் ரூபாய், இரண்டேகால் கிலோவுக்குச் சற்று மேல். கூட்டமாக இருக்கிறது, பத்தாம் தேதிக்கு மேல் வாருங்கள் என்றார் காசாளர். பத்தாம் தேதிக்கு மேல் போனபோது எண்ணுவதற்கு ஆள் இல்லை. மூன்றாவது முறை அவர் போகவில்லை. அன்றிலிருந்து கடையில் பத்து ரூபாய்க் காசு வாங்குவதை நிறுத்திவிட்டார். அவர் வாங்கவில்லை என்பதால் பால்காரர் வாங்கவில்லை. பால்காரர் வாங்கவில்லை என்பதால் மாவு அரைக்கும் கடையில் வாங்கவில்லை. கோடு எண்ணும் கதையெல்லாம் அதற்கப்புறம் வந்த சாக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான காசுகள் ஒரு முறைக்கு ஆயிரம் ரூபாய் வரை செல்லும். வங்கியில் செலுத்த அந்த உச்சவரம்பு கிடையாது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளை எடை போட்டே வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட ரிசர்வ் வங்கி கிளைகளுக்குச் சொல்லியிருக்கிறது. நல்ல யோசனை, ஆனால் பழைய ஒரு ரூபாய் 4.85 கிராம், 2011க்குப் பிறகு வந்தது 3.79 கிராம். நூறு காசு 379 கிராமாகவும் இருக்கலாம், 485 கிராமாகவும் இருக்கலாம். கல்லாவில் இரண்டும் கலந்துதான் கிடக்கும். கடைசியில் எண்ணத்தான் வேண்டும்.

இதற்குள் இன்னொரு முடிச்சு இருக்கிறது. நோட்டு ரிசர்வ் வங்கியுடையது. காசு மத்திய அரசுடையது. காசைப் பொறுத்தவரை ரிசர்வ் வங்கி விநியோகம் செய்யும் ஏஜென்ட் மட்டுமே. ஐந்தரை ரூபாயில் பத்து ரூபாய்க் காசு அடித்துக் கிடைக்கும் லாபம் அரசுக் கணக்கில் சேர்கிறது. அதை எண்ணி வாங்கி மூட்டை கட்டும் பாடு வங்கிக் கிளைக்கு. லாபம் ஓரிடம், பாடு ஓரிடம் என்றால் எந்தக் காசாளர் முகம் மலர்ந்து வாங்குவார்? 2023இல் 12 நகரங்களில் சோதனையாக வைக்கத் திட்டமிட்ட க்யூஆர் நாணய இயந்திரங்களைப் பாருங்கள். கைபேசியில் பணம் கட்டினால் காசைக் கொட்டும். வாங்கிக்கொள்ளும் வேலை அதற்குக் கிடையாது.

ஆகவே காசு மட்டும் என்ற வழி எங்கே பொருந்தும்? பஸ், ரயில், கோயில் உண்டியல், டோக்கன் இயந்திரம் என்று காசு சுற்றிவரும் பாதை ஏற்கெனவே உள்ள பெருநகரங்களில். அங்கே நோட்டை நிறுத்தினால் ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். மற்ற ஊர்களில் திரும்பும் வழியைத் திறக்காமல் நோட்டை நிறுத்தினால், கடைக்காரர் பத்து ரூபாய்க்குப் பதில் மிட்டாய் கொடுப்பார்.

## பிளாஸ்டிக் நோட்டு

ஆஸ்திரேலியா 1988இல் தொடங்கி 1996க்குள் எல்லா நோட்டையும் பிளாஸ்டிக்குக்கு மாற்றிவிட்டது. ஈரம் பிடிக்காது, எளிதில் கிழியாது, கள்ளநோட்டு அடிப்பதும் கடினம். இந்தியாவிலும் நூறு கோடி பத்து ரூபாய் பிளாஸ்டிக் நோட்டுகளைக் கொச்சி, மைசூரு, ஜெய்ப்பூர், புவனேசுவரம், சிம்லா என்று வெவ்வேறு தட்பவெப்பம் உள்ள ஐந்து ஊர்களில் விட்டுப் பார்க்கத் திட்டம் போட்டார்கள். அது நம் கைக்கு வந்து சேரவில்லை.

மறைமுகச் செலவு இயந்திரங்களில் இருக்கிறது. எண்ணும் கருவி, பிரிக்கும் கருவி, அச்சகம் எல்லாம் பருத்திக் காகிதத்துக்குப் பழகியவை. நாலாக மடித்து இடுப்பில் செருகும் பழக்கத்துக்கும் இந்தத் தாள் ஒத்துவராது. மடிப்பு நிற்காமல் விரிந்துகொள்ளும். பிரிட்டனில் 2016இல் வந்த ஐந்து பவுண்டு பிளாஸ்டிக் நோட்டில் விலங்குக் கொழுப்பு சிறிதளவு கலந்திருப்பது தெரிந்ததும் சில இந்துக் கோயில்கள் அதை வாங்க மறுத்தன. நம் ஊர் உண்டியலுக்கு அந்தச் செய்தி எட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மழையும் உப்புக்காற்றும் உள்ள கடற்கரை ஊர்களுக்கு இது நல்ல தேர்வு. முழு நாட்டுக்கும் என்றால் எனக்கு ஆர்வம் இல்லை.

## ஒன்றையும் இரண்டையும் எடுத்துவிடுவது

இது புதிய யோசனை அல்ல. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போயின. 50 பைசா இன்றும் சட்டப்படி செல்லும். கடைத்தெருவில் கொடுத்துப் பாருங்கள், உங்களை அருங்காட்சியகத்துக்கு அனுப்புவார்கள். ஆஸ்திரேலியா 1992இலும், நியூசிலாந்து 2006இலும், மலேசியா 2008இலும், கனடா 2013இலும் சின்னக் காசைக் கைவிட்டன. ஒரு சென்ட் அடிக்க ஏறத்தாழ 3.7 சென்ட் செலவழித்துக்கொண்டிருந்த அமெரிக்காவும் 2025 நவம்பரில் புழக்கத்துக்கான கடைசி சென்ட்டை அடித்து முடித்தது.

மலேசியாவின் முறை எளிமையானது. ஒவ்வொரு பொருளின் விலையையும் தொடுவதில்லை, மொத்தப் பில்லை மட்டும் அருகில் உள்ள ஐந்து சென்னுக்குக் கொண்டுபோகிறார்கள் (சென் என்பது அவர்களுடைய பைசா). 1, 2 வந்தால் கீழே. 3, 4 வந்தால் ஐந்து. 6, 7 வந்தால் ஐந்து. 8, 9 வந்தால் பத்து. அட்டையில் கட்டினால் பைசா சுத்தமாக உள்ளபடி. நம்மிடமும் இந்த வேலை நடக்கிறது, விதி இல்லாமல். 48 ரூபாய்ப் பில்லுக்கு ஐம்பதைக் கொடுத்தால் இரண்டு ரூபாய்க்கு மிட்டாய் வரும். 52 என்றால் இரண்டு ரூபாயைக் கேட்டு வாங்கிவிடுவார்கள். எப்போதும் ஒரே பக்கம்தான் சரிகிறது. எழுதிவைத்த விதி இருந்தால் ஏழைக்குக் குறைந்தது பாதி நேரமாவது லாபம்.

ஆனால் தீப்பெட்டியைப் பாருங்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் தயாராகும் தீப்பெட்டி 2007இல் ஐம்பது பைசாவிலிருந்து ஒரு ரூபாய்க்கு ஏறியது. அதற்குப் பிறகு மெழுகு, அட்டை, ரசாயனம், கூலி எல்லாம் ஏறியும் பதினான்கு ஆண்டு ஒரு ரூபாயிலேயே நின்றது. பத்துப் பைசா ஏற்ற வேண்டுமென்றால் பத்துப் பைசாக் காசு வேண்டுமே. கடைசியில் 2021 டிசம்பர் 1 அன்று ஒரே தாவலில் இரண்டு ரூபாய் ஆனது. ஈடாகப் பெட்டிக்குள் 36 குச்சி 50 ஆயிற்று. கீழ்ப்படியை உடைத்தால் விலை ஏறாமல் இருப்பதில்லை, அடுத்த படிக்குத் தாவுகிறது. ஒன்றையும் இரண்டையும் எடுத்தால் தீப்பெட்டியின் அடுத்த விலை ஐந்து ரூபாய்தான். கடைக்காரரும் அப்போது தனிப்பெட்டி விற்காமல், இரண்டைச் சேர்த்துக் கட்டித் தருவார். அன்றாடம் ஒரு பெட்டி வாங்குகிறவருக்கு அது இடி.

மொய் எழுதுகிறவர்கள் வேறு சண்டைக்கு வருவார்கள். நூற்றொன்று, ஐந்நூற்றொன்று எழுதும் ஊரில், ஒரு ரூபாய்க் காசை ஒட்டியே மொய்க் கவர் விற்கிறார்கள். அந்த ஒரு ரூபாய் இல்லாமல் வைக்கும் மொய் பாட்டிமார் கணக்கில் மொய்யே அல்ல.

பெரிய மளிகை, மருந்துக்கடை, ஹோட்டல் என்று பில் போடும் இடங்களுக்கு இந்த வழி பொருந்தும். பெட்டிக்கடைக்கும் சந்தைக்கும் இன்னும் காலம் வரவில்லை.

## பூஜ்யம் வெட்டுவது

துருக்கி 2005 ஜனவரி 1 அன்று ஆறு பூஜ்யங்களை வெட்டி, பத்து லட்சம் பழைய லிராவை ஒரு புதிய லிராவாக்கியது. ஒரு ரொட்டிக்கு லட்சக்கணக்கில் எண்ணிக் கொடுத்த நாட்டுக்கு அது தேவை. ஜிம்பாப்வே 2006, 2008, 2009 என்று மூன்று முறை வெட்டியும் பலனில்லை. விலைவாசி ஓடிக்கொண்டே இருந்தால் பூஜ்யம் மறுபடி முளைக்கும். இந்தியாவுக்கு அந்த நோய் இல்லை. எல்லாப் பத்திரத்தையும் விலைப்பட்டியலையும் மாற்றும் செலவுக்கு ஈடாக நமக்குக் கிடைப்பது ஒன்றும் இல்லை.

கணக்கு முறையை மாற்றினால் சில்லறையில் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. 1957 ஏப்ரல் 1 அன்று பதினாறணா ரூபாய் நூறு நயா பைசா ரூபாயானது. ஓரணா என்பது ஆறேகால் பைசா. ஆனால் மாற்றுக் கணக்கில் ஆறு. இரண்டணாவுக்குப் பன்னிரண்டு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது, நாலணாவுக்கு இருபத்தைந்து. நாலு ஓரணாவைத் தனித்தனியே மாற்றியவருக்கு இருபத்துநாலுதான் கிடைத்திருக்கும். மூன்றணாவாக மாற்றியவருக்குக் கால் பைசா லாபம். 'நயா' 1964இல் உதிர்ந்தது. நாலணாவும் எட்டணாவும் அந்தக் காசுகள் மறைகிற வரைக்கும் பேச்சில் வாழ்ந்தன.

## எதை எடுத்தாலும், எப்படி எடுப்பது?

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு அது. பதிலுக்கு முதலில் வந்தது 2000 ரூபாய் நோட்டு. நூறுக்கும் இரண்டாயிரத்துக்கும் நடுவே இருபது மடங்குப் பள்ளம். வரிசையில் நின்று வாங்கிய நோட்டை எந்தக் கடையிலும் மாற்ற முடியாமல் திரிந்தவர்கள் ஏராளம். அதே 2000 நோட்டை 2023 மே 19 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது அது செல்லும், ஆனால் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். 98 விழுக்காட்டுக்கு மேல் சத்தமில்லாமல் திரும்பிவிட்டது. சில்லறை மதிப்பைத் தொடுவதென்றால் இரண்டாவது வழியைத் தவிர வேறு எதையும் யோசிக்கவே கூடாது.

| வழி | திரும்பும் வழி | மறைந்திருக்கும் செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|
| பத்து ரூபாய் நோட்டு | இருக்கிறது | அடிக்கடி அச்சு, அழுக்கு | சந்தை, கிராமம் |
| காசு மட்டும் | பெருநகரில் மட்டும் | எண்ணும் ஆள், எடை | பஸ், ரயில் நிலையம், நகரக் கடை |
| பிளாஸ்டிக் | நோட்டைப் போலவே | புதிய இயந்திரங்கள் | கடற்கரை ஊர்கள் |
| 1, 2 ரூபாய் நீக்கம் | கேள்வியே எழாது | விலை தாவுதல் | பில் போடும் கடைகள் |
| பூஜ்யம் வெட்டு | எல்லாம் புதிதாக | எல்லாப் பதிவும் மாற்றம் | பணவீக்கம் அடங்கிய நாடு |

## நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்?

பத்து ரூபாய் காசாகத்தான் ஆக வேண்டும். செலவுக் கணக்கில் அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஒவ்வொரு வட்டத் தலைநகரிலும் காசை எண்ணி வாங்கி அங்கேயே கணக்கில் வரவு வைக்கும் இயந்திரம் ஒன்றை வைக்க வேண்டும். அதற்கான செலவை காசில் லாபம் பார்க்கும் அரசு கிளைகளுக்குக் கொடுக்க வேண்டும். பதினான்கு முகத்தை ஒரு முகமாக்க வேண்டும். அப்புறம் இரண்டு ஆண்டுத் தவணை சொல்லிப் பத்து ரூபாய் நோட்டு அச்சிடுவதை நிறுத்தலாம், இருப்பது செல்லும் என்ற உறுதியோடு. இருபது ரூபாய் நோட்டாகவே இருக்கட்டும். அந்த இருபது ரூபாய்க் காசு பத்தின் தடத்தில் குறுக்கே நிற்கிறது. மொத்தப் பில்லை ஐந்துக்குச் சரிசெய்யும் விதியைப் பில் போடும் கடைகளில் இப்போதே எழுதலாம். ஒரு ரூபாயையும் இரண்டு ரூபாயையும் இன்னும் சில ஆண்டு தொட வேண்டாம்.

இயந்திரம் வைக்காமல் நோட்டை மட்டும் நிறுத்துவதாக இருந்தால் என் ஓட்டு இன்றுள்ள நிலைக்கே.

மைத்துனரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் பதில் சொல்லாமல் கல்லாவுக்குக் கீழே இருந்த மஞ்சள் பையை இழுத்துக் காட்டினார். அந்த முந்நூறில் பெரும்பகுதி இன்னும் அங்கேதான் கிடக்கிறது. நூறை மட்டும் நான் வாங்கிக்கொண்டு ஆயிரம் ரூபாய் கொடுத்தேன். என் ஏழு காசுகளையும் சேர்த்து மறுநாள் சென்னைக்கு எடுத்து வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தேநீர் வாங்கி, அதிலிருந்து இரண்டைக் கொடுத்தேன். கடைக்காரர் கோடு எண்ணவில்லை, பார்க்கவே இல்லை. கல்லாவில் போட்டுவிட்டு அடுத்தவருக்குச் சர்க்கரை குறைவாகவா என்று கேட்டார்.